நான் பார்த்ததாகச் சொன்ன தலை

பின்னாலிருந்து பார்த்தே ஒரு தலை யாருடையது என்று என்னால் சொல்ல முடியும். முடி வெட்டுகிறவனுக்கு அது பெரிய வித்தை இல்லை. முகத்தைவிடப் பிடரியைத்தான் நாங்கள் அதிக நேரம் பார்க்கிறோம். ஆனால் கோர்ட்டில் ஏறி நான் அடையாளம் சொன்னது ஒரே ஒரு தலையைத்தான். அந்தத் தலையில் என் கை பட்டதே கிடையாது. அதை நம்பி அவருக்கு ஏழு வருஷம் ஜெயில் போட்டார்கள்.

அவர் இப்போது இல்லை. அவர் குற்றவாளி இல்லை என்று மேல்கோர்ட்டு போன வருஷம் சொன்னது. அதைக் கேட்கவும் அவர் இல்லை.

ஆட்டையாம்பட்டியிலிருந்து மல்லசமுத்திரம் போகும் வழியில் உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் வேலை செய்தார். நான் ஐந்தாவதோடு நின்று அவர் பின்னால் போனேன். அவர் போன பிறகு பஸ் நிற்கும் இடத்தில் ஓலைக் கொட்டகை போட்டுக் கடையாக வைத்தேன். ஒரு மர நாற்காலி, ஒரு கண்ணாடி, வெந்நீர் வைக்க ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. இடம் ஊர்ப் பெரியவருடையது. அவருக்கு நிறையத் தோட்டம், இரண்டு லாரி. ஊரில் அவர் சொன்னால் சரி.

காலனி ஆட்களுக்கு என் கடையில் வெட்டுவதில்லை. அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. அப்பாவும் வெட்டவில்லை, நானும் வெட்டவில்லை. அவர்கள் ஆட்டையாம்பட்டிக்குப் போனார்கள், இல்லையென்றால் ஒருவருக்கு ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். எங்களையும் பெரிய வீடுகளில் வாசலோடுதான் நிறுத்துவார்கள். அதையும் நான் யோசித்ததில்லை.

நான் கோர்ட்டில் அடையாளம் சொன்னவர் காலனிக்காரர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போனவர். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று பத்து வருஷம் சுற்றிவிட்டுத் திரும்பினார். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. வந்ததும் ஊர்த் தெருவில் சைக்கிளை மிதித்துக்கொண்டே போனார். அதுவரை காலனி ஆட்கள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். இரண்டு பேர் வழி மறித்துக் கேட்டதற்கு, "பிரேக் புடிக்கலீங்க, எறங்க முடியல" என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சிரித்துக்கொண்டே என் கடையில் பேசினார்கள். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிறகு திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். காலனிக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது. டீக்கடையில் இரண்டு விதமாக டம்ளர் வைப்பதைப் பற்றி எழுதிப் போட்டார். டீக்கடைக்காரர் புத்திசாலி. எல்லோருக்கும் பிளாஸ்டிக் கப் என்று மாற்றிவிட்டார். யாரும் ஜெயித்த மாதிரியும் இல்லை, தோற்ற மாதிரியும் இல்லை. முடி வெட்டுவதற்கு பிளாஸ்டிக் கப் மாதிரி ஒன்று கிடையாது. அதனால் என் முறை வந்தபோது ஒளிய இடம் இல்லாமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து கொட்டகை ஓரத்தில் நின்றார்.

"அண்ணா, முடி வெட்டோணுமுங்க."

"ஆளு இருக்குதுங்க" என்றேன்.

"இருக்கட்டுங்க. நிக்கறேன்."

ஆள் எல்லாம் போகும்வரை நின்றார். கடைசியில் நான், கத்தி சாணைக்குப் போகணும், வெட்டாது என்றேன். "சரிங்கண்ணா, அடுத்த வாரம் வாரேன்" என்று போய்விட்டார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். எனக்குக் காய்ச்சல், வெந்நீர் இல்லை, ஒரு சாவு வீட்டுக்கு அவசரமாகப் போகிறேன் என்று நானும் வாரத்துக்கு ஒன்று சொன்னேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சனிக்கிழமையே அடுத்த நாள் பொய்யை யோசித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர் வேறெங்கும் போய் வெட்டிக்கொள்ளவில்லை. முடி காதை மூடி, கழுத்துக்கு வந்து, தோளைத் தொட்டது. நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்.

"ஏப்பா, கோயிலுக்கு வேண்டுதலா?"

"ஆமாங்க. சாமி இந்தக் கடைலதான் இருக்குது. எப்ப எறக்குறதுன்னு அண்ணனத்தான் கேக்கோணும்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். என் வாய் கோணுவதைக் கண்ணாடியில் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

ஒரு நாள் மட்டும் எனக்குக் கோபம் வந்தது. கடையில் யாரும் இல்லாத நேரம். "உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லீங்கண்ணா. உங்களையுந்தான் ஊட்டுக்குள்ள உட மாட்டாங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. உன்னையும் என்னையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறாயா என்று உள்ளே ஏதோ எழுந்தது. அந்தக் கோபம் பிற்பாடு கோர்ட்டில் என் வாயில் இருந்ததோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இருந்திருக்கும்.

கடைசியில் என் பேரைப் போட்டே மனு கொடுத்தார். ஆபீசர்கள் ஜீப்பில் வந்து, எல்லோருக்கும் வெட்ட வேண்டும், இல்லையென்றால் கேஸ் என்றார்கள். ஜீப் திரும்பியதும் ஊர்ப் பெரியவர் வந்தார். "அவனுக்கு வெட்டுன கையில எங்க தலையக் குடுக்க மாட்டோம். பாத்துக்க" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் கொட்டகை எரிந்தது.

அன்று பொழுது சாய்கிற நேரம். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு முகம் மழிக்கக் கூப்பிட்டு ஆள் வந்தது. அவசரமாகப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அடுப்பின் மேல் வெந்நீர் இருந்தது. திரியை இறக்கினேன், அணைக்கவில்லை. சீக்கிரம் வந்துவிடலாம் என்று நினைத்தேன். மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் முடிக்கும்போது வெளியே சத்தம் கேட்டது. நான் ஓடி வருவதற்குள் கூரை உட்கார்ந்துவிட்டது. கண்ணாடி வெடித்துக் கிடந்தது. பார்த்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பு.

கூட்டம் கூடியது. ஊர்ப் பெரியவர் வந்து என் தோளில் கை வைத்தார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டதில்லை. நான்தான் அவரைத் தொட்டிருக்கிறேன், வேலைக்காக.

"ஏண்டா, அவன்தானே?"

நான் வெடித்த கண்ணாடியைப் பார்த்தேன்.

"ஓடுனதப் பாத்தயா?"

தலையை ஆட்டினேன். அந்தக் கை தோளிலேயே இருந்தது. அடுப்பை அணைக்காமல் போனேன் என்று சொன்னால் அத்தனை பேரும் என்னைப் பார்த்துத் திட்டுவார்கள் என்பதுதான் எனக்கு அப்போது தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்புகிறோம் என்று நினைத்திருந்தால் வாயைத் திறந்திருப்பேன் என்று எனக்கே சொல்லிப் பார்ப்பேன். அன்றைக்கு வேண்டுமானால் அப்படி இருந்திருக்கலாம். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு கையெழுத்துக் கேட்டபோது தெரியும்தானே. போட்டேன். ஓடுகிறவரின் முதுகைப் பார்த்ததாக எழுதியிருந்தார்கள்.

ஜாமீன் கிடைக்காமல் அவரை உள்ளேயே வைத்து விசாரணை நடத்தினார்கள். சாட்சி சொல்ல வேண்டிய நாளில் ஊர்ப் பெரியவரின் காரில் என்னைக் கூட்டிப் போனார்கள். கோர்ட்டு வராண்டாவில் எனக்கு முன் பெஞ்சில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதலில் யாரென்று தெரியவில்லை. தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். திரும்பியபோதுதான் அவர் என்று தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களாண்ணா, ஜெயில்ல வெட்டி உட்டுட்டாங்க. என்ன சாதின்னுகூடக் கேக்கலீங்க. நீங்க இனிக் கவலப்படாதீங்க."

போலீஸ்காரர் ஒருவர் சிரித்துவிட்டு, பேசாதே என்று அதட்டினார். அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பெஞ்சுக்குப் பின்னால் நின்றேன். செய்ய வேறு வேலை இல்லை. என் கண் பழக்கத்தில் அவர் தலையில் போய் நின்றது. உச்சியில் இரண்டு சுழி. ஒன்று வலம், ஒன்று இடம். அவ்வளவு தெளிவாக ரெட்டைச் சுழியை நான் அதிகம் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட தலைக்குப் பின்பக்கம் கொஞ்சம் நீளம் விட்டு வெட்ட வேண்டும், ஒட்ட வெட்டினால் முடி குத்திட்டு நிற்கும், ஜெயில்காரனுக்கு வேலை தெரியவில்லை என்று நினைத்தது இன்றும் நினைவிருக்கிறது.

கூண்டில் ஏறினேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தது வரை சொன்னேன். அவருடைய வக்கீல் வயதானவர், மெதுவாகப் பேசுவார்.

"பொழுது சாஞ்ச நேரம்கிறீங்க. மூஞ்சியப் பாக்கல, முதுகுதான் தெரிஞ்சுதுங்கிறீங்க. அப்பறம் இவர்தான்னு எப்படிங்க சொல்றீங்க?"

இந்தக் கேள்விக்கு யாரும் எனக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அரசு வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். ஊர்ப் பெரியவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன். சாவு வீட்டில்கூட யாராவது கேட்டால்தான் பேசுவேன். அன்று எங்கிருந்து வந்ததோ.

"நான் முடி வெட்டறவனுங்க. எனக்குப் பின்னந்தல போதுமுங்க. அவருக்கு ரெட்டச் சுழிங்க."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். அவரைத் திரும்பச் சொன்னார். அவர் திரும்பி நின்று தலையைக் குனிந்து காட்டினார். யாரும் குனியச் சொல்லவில்லை. நீதிபதிக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அவராகவே குனிந்தார். டைப் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் நடந்தது. பயம் இல்லை, உறுத்தல் இல்லை. ஒரு வேலையைச் சுத்தமாக முடித்த மாதிரி இருந்தது. பொய்யின் மீதிப் பாகம் எல்லாம் மற்றவர்கள் கொடுத்தது. அந்த ஒரு சொல் மட்டும் நான் என் தொழிலிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அதுதான் அவரைக் கவிழ்த்தது.

நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. கையைத் தூக்கித் தன் உச்சந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஊர்ப் பெரியவர் காரை ஓட்டல் முன்னால் நிறுத்தித் தன் எதிரிலேயே உட்கார வைத்து எனக்குப் பூரி வாங்கிக் கொடுத்தார். "பொறந்ததுல இருந்து வாயத் தொறக்காதவன், தொறந்தான் பாரு இன்னைக்கு!" என்று எல்லோரிடமும் சொன்னார். அந்த மாசத்துக்குள் ஊர் சேர்ந்து எனக்குச் சுவர் எழுப்பி, மேலே காங்கிரீட் போட்ட கடை கட்டிக் கொடுத்தது. அந்தக் கூரைக்குக் கீழேதான் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை செய்கிறேன்.

அவர் ஒன்றரை வருஷம் உள்ளே இருந்தார். அப்பீல் போட்டு ஜாமீனில் வந்தார். மறுபடியும் ரிக் வேலைக்குப் போனார், மறுபடியும் மனு எழுதினார். அப்பீல் மட்டும் நகரவே இல்லை. ஊரில் எதற்கு அவர் வாய் திறந்தாலும், "கடைக்குத் தீ வெச்சவன் நாயம் பேசறான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். சுடுகாட்டுப் பாதைக்காகப் பேசினார், அதற்கும் இதே பதில்தான். அவர் ஆரம்பித்த எதையும் அந்தச் சொல்லைத் தாண்டி முடிக்க முடியவில்லை. பஸ்சில் பார்த்தால் என்னிடம், "நல்லாருக்கீங்களாண்ணா" என்பார். என் கடைப் பக்கம் வரவில்லை.

ரிக் புழுதி நுரையீரலில் இறங்கித்தான் போனார். அவரை எடுத்துப் போகிற பறைச் சத்தம் கடைக்குக் கேட்டது. நான் ஒருவருக்குக் கிருதா இறக்கிக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை.

அவருக்கு ஒரே மகள். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறார். அப்பீல் போட்டவர் இறந்துவிட்டால் கேஸ் அதோடு தீர்ந்துவிடுமாம். வேண்டுமென்றால் முப்பது நாளுக்குள் வீட்டு ஆட்கள் மனுப் போட்டு நடத்தலாமாம். காரியம் முடிந்த கையோடு அந்தப் பெண் மனுப் போட்டிருக்கிறார். செத்தவருக்கு எதற்கு விடுதலை என்று ஊரில் சிரித்தார்கள். தீர்ப்பு வர மேலும் சில வருஷம் ஆயிற்று.

தீர்ப்பு வந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் கடைக்கு வந்தார். செவ்வாய் எங்களுக்கு விடுமுறை. நான் தனியாகக் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் காகிதக் கட்டு.

"உக்காருங்க அம்மிணி" என்றேன். உட்கார என் கடையில் அந்த நாற்காலிதான் இருந்தது. அவர் உட்காரவில்லை.

"இங்கிலீசுல இருக்குதுங்க. உங்களப் பத்தி எழுதியிருக்கறத மட்டும் சொல்றனுங்க."

சொன்னார். போலீசில் கொடுத்த வாக்குமூலத்தில் சுழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கோர்ட்டில்தான் முதலில் சொல்லியிருக்கிறார். அந்தத் தலைக்கு ஒரு நாளும் முடி வெட்டியதில்லை என்று இதே சாட்சிதான் சொல்கிறார். தீப்பிடித்த நாளில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தோள் வரை முடி இருந்ததாக மற்ற சாட்சிகள் சொல்கிறார்கள். ஆகவே இந்தச் சாட்சியை நம்ப முடியாது.

தோள்வரை வளர்ந்து படிந்த முடியில் பத்தடி தூரத்திலிருந்து சுழி தெரியாது. வெளிச்சத்திலேயே தெரியாது. முடி வெட்டுகிற எவனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். இருபது வருஷம் யாரும் கேட்கவில்லை.

"விடுதலதான் பண்ணியிருக்காங்க" என்றார் அந்தப் பெண். "ஆனா சந்தேகத்தின் பலன்னு ஒரு வார்த்த போட்டிருக்காங்க. நேத்து பஸ்ஸுல என்ற காது கேக்கவே பேசுறாங்க. சந்தேகத்துலதான் உட்டாங்களாம், வெச்சது அவந்தானாம்."

நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் கேஸ் போட வரலீங்க. ஒண்ணு கேக்கோணும். அப்பாவுக்கு ரெட்டச் சுழின்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?"

வராண்டாவைச் சொன்னேன். பெஞ்சைச் சொன்னேன். அடுப்பையும் சொன்னேன். என் மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

"சாவற வரைக்கும் அப்பா இதத்தான் கேட்டுட்டு இருந்தாருங்க. என்ற தலைல இருக்கறது எனக்கே தெரியாது, அண்ணனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு. ஒருவேள வேற யாரோ ரெட்டச் சுழிக்காரன் வெச்சிருப்பான், அவர் நெசமாவே பாத்திருப்பாரு, பொய் சொல்ற ஆளில்லம்மான்னு உங்களுக்காகப் பேசுவாருங்க. நாங்க சண்ட போடுவோம்."

காகிதத்தை மடித்துக்கொண்டார். காலனியில் ஒரு படிப்பகம் கட்டியிருக்கிறார்கள், அதில் அப்பாவின் படத்தைத் திறக்கப் போகிறார்கள், அன்று வந்து இதை உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றார். சரி என்றேன்.

போனேன். என் வாழ்நாளில் காலனிக்குள் போனது அதுதான் முதல் தடவை. கடையிலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷம். நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள். படத்தில் அவருக்கு அந்த நீளமான முடி இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகப் பேசினார்கள். குழாய் வந்தது, சைக்கிளில் போனது, அவர் எழுதிய மனுவால் பென்ஷன் வாங்கும் ஒரு அம்மா. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். அத்தனை முகம். "அவரு நல்லவருங்க" என்றேன். "ரொம்ப நல்லவருங்க." மைக் கீச்சென்று கத்தியது. இறங்கிவிட்டேன். சிலர் மரியாதைக்குக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலைப் போல என்னை எதுவும் அடித்ததில்லை.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மகள் வந்தார்.

"வாய் வரலீங்க அம்மிணி. எனக்குக் கூட்டம்னா..."

"கோர்ட்டுல வந்துச்சுங்களே."

குனிந்து செருப்பை மாட்டினேன். அவர் அதை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. நர்ஸ் வேலை பார்க்கிறவர் பேச்சு, நோயாளியிடம் மருந்தை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிற மாதிரி இருந்தது.

"யோசிச்சுப் பாத்தா இங்க சொல்லி என்னங்க ஆவப்போவுது? அப்பா தீ வெக்கலைன்னு இங்க எல்லாத்துக்கும் தெரியும். தெரியாதவங்க எல்லாம் உங்க கடைலதான் உக்காந்திருக்காங்க. அங்க சொல்லுங்க."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. சொல்லவில்லை. ஒவ்வொருவர் கழுத்திலும் துணி கட்டும்போது, இவருக்குச் சொல்லலாம், வேண்டாம் அடுத்தவருக்கு, என்று தள்ளிக்கொண்டே போனேன். முன்பு பொய்யைச் சனிக்கிழமை யோசித்து வைத்த மாதிரி இப்போது உண்மையை யோசித்து வைக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு ஊர்ப் பெரியவர் நாற்காலியில் இருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி அதே ஆள். பெஞ்சில் நாலு பேர். ஒரு பக்கக் கன்னம் மழித்து முடித்திருந்தேன். பெஞ்சில் இருந்த ஒருவர் செல்போனில் படிப்பகப் படத்தைக் காட்டினார்.

"தீ வெச்சவனுக்குப் படம் தொறந்திருக்காங்க, பாத்தீங்களா? இனி திருடனுக்குச் செல வெப்பாங்க."

"கோர்ட்டுதான் உட்டுருச்சாமே" என்றார் இன்னொருவர்.

"சந்தேகத்துல உட்டாங்கப்பா" என்றார் பெரியவர் நுரையோடு. "சந்தேகத்துல."

கத்தியை மடித்துக் கீழே வைத்தேன். கையில் வைத்துக்கொண்டு பேச எனக்குப் பயமாக இருந்தது.

"சந்தேகமெல்லாம் இல்லீங்க சாமி" என்றேன். மெதுவாகத்தான் வந்தது. அவருக்குக் கேட்காது என்று மறுபடியும் உரக்கச் சொன்னேன். "அன்னைக்கு நான் அடுப்ப அணைக்காமப் போயிட்டனுங்க. அதுலதான் எரிஞ்சுது. நான் யாரையும் பாக்கலீங்க. கோர்ட்டுல சொன்னது பொய்யுங்க. அந்தச் சுழிய வராண்டாவுலதான் பாத்தேன்."

கண்ணாடியில் பெரியவர் என்னையே பார்த்தார்.

"இப்ப எதுக்குடா இது?"

"அவரு வெக்கலீங்க."

"மிச்சத்த மழி."

மறுபடி கத்தியை எடுத்தேன். வெட்டுப்படாமல் முடித்தேன். துணியை எடுத்ததும் அவர் எழுந்து நின்று கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"நான் அன்னைக்கு உன்னயக் கேட்டேன். நீ தலைய ஆட்டுனே. ஆட்டுனயா இல்லயா?"

"ஆட்டுனனுங்க."

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு போனார். அவர் உண்மையாகவே நம்பித்தான் கேட்டாரா, நம்ப வேண்டுமென்று கேட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. எப்படியானாலும் அவர் சொன்னது சரி. தலையை ஆட்டியது நான்தான். பெஞ்சில் இருந்த நாலு பேரும் வேலை ஞாபகம் வந்த மாதிரி ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். செல்போன்காரர் மட்டும் வாசலில் நின்று, "இத்தன வருசம் எங்களையுமில்ல பொய் பேச வெச்சிருக்கற" என்று காறித் துப்பினார்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. மனைவி சோற்றைத் தட்டில் போட்டு என் முன்னால் தள்ளினாள்.

"இருவது வருசம் மூடுன வாய இன்னொரு பத்து வருசம் மூடியிருந்தா மரியாதையாப் போய்ச் சேந்திருக்கலாம்."

"சொல்லோணும்னு இருந்துச்சு."

"எங்கிட்டச் சொல்லோணும்னு இல்லயே. அந்த ஆளு ஜெயில்ல இருக்கறப்ப எம்பக்கத்துலதான படுத்திருந்தீங்க?"

அவள் அழுதது ஊர் என்ன சொல்லும் என்பதற்காக இல்லை. அது எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைந்துவிட்டது. மெயின்ரோட்டில் வடநாட்டுப் பையன்கள் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு சலூன் வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் இப்போது அங்கே போகிறார்கள். காலனிக்காரர்கள் முதலிலிருந்தே அங்கேதான் போகிறார்கள். யாரும் யாரையும் எழுப்பி விடுவதில்லை. பெரியவருக்கு மட்டும் அவர் வீட்டிலேயே யாரோ மழித்து விடுகிறார்களாம்.

மகளுக்குப் போன் செய்து சொன்னேன். "கேள்விப்பட்டனுங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லியிருந்தால் அதை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்காது.

போன மாசம் ஆட்டையாம்பட்டிக்குப் பஸ்சில் போனேன். காலனிப் பிரிவில் படிப்பகத்துக்கு வழிகாட்ட அவர் படம் போட்டு ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். பஸ் அங்கே நின்றபோது வெளியூர்க்காரர் ஒருவர் அது யார் என்று கேட்டார். எங்கள் ஊர்க்காரர், அன்றைக்கு என் கடைப் பெஞ்சில் இருந்து எழுந்து போன நாலு பேரில் ஒருவர், பதில் சொன்னார்.

"எங்க ஊர்க்காரருங்க. இந்தப் பக்கத்துக் காலனிக்கெல்லாம் தண்ணி கொண்டாந்தவரு. கடைக்குத் தீ வெச்சாருன்னு உள்ள போட்டுட்டாங்க. அவரு வெக்கலீங்க, பாவம். ஒருத்தன் பொய்ச் சாட்சி சொல்லி மாட்டி உட்டுட்டான்."

"அடப் பாவி. யாருங்க அந்த ஆளு?"

ஊர்க்காரர் அப்போதுதான் இரண்டு சீட் பின்னால் என்னைப் பார்த்தார். வார்த்தையை விழுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியூர்க்காரர் அவர் பார்த்த திசையில் திரும்பி, எனக்குப் பின்னால் இருக்கிறவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நானுங்க" என்றேன்.